ஐந்து நிமிடம் என்னும் நெடுங்காலம்

காலத்தை அளப்பதற்கு நாழிகை வட்டில், மணற்கடிகாரம், ஊசல் எனப் பல கருவிகளை மனிதர் கண்டுபிடித்திருந்தபோதிலும், அவற்றுள் எதனாலும் அளக்க இயலாத ஐந்து நிமிடம் ஒன்று 1991ஆம் ஆண்டின் கோடையில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஓடியது. நாமெக் என்னும் கோளின் உட்கருவைத் தாக்கிய ஃப்ரீஸா என்னும் கொடுங்கோலன், அக்கோள் இன்னும் ஐந்து நிமிடத்தில் வெடித்துச் சிதறிவிடும் என்று அறிவிக்கிறான். அறிவித்தபின் அவனும் கதைத்தலைவனாகிய கோக்குவும் அடித்துக்கொள்கிறார்கள், பேசுகிறார்கள், முறைத்துக்கொள்கிறார்கள், மறுபடியும் பேசுகிறார்கள். ஏறக்குறைய பத்து எபிசோடுகள் கடந்துவிடுகின்றன, கோளோ வெடித்தபாடில்லை. வாரத்துக்கு ஒன்றாக ஒளிபரப்பான தொடர் ஆகையால், கோடை விடுமுறைக்கு முன்பு ஃப்ரீஸாவின் அறிவிப்பைக் கேட்ட ஜப்பானியச் சிறுவன், விடுமுறை முடிந்து பள்ளிக்குத் திரும்பிய பிறகே அந்த ஐந்து நிமிடம் முடியக் கண்டான்.

'டிராகன் பால் இசட்' என்னும் இந்தத் தொடர், அகிரா டோரியாமா 1984 முதல் 1995 வரை 'ஷோனென் ஜம்ப்' என்னும் சிறுவர் வார இதழில் 519 அத்தியாயங்களாக வரைந்த மங்காவிலிருந்து, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையிலிருந்து, எடுக்கப்பட்டது. அதைத் தழுவி டோயி அனிமேஷன் நிறுவனம் தயாரித்த அனிமே, அதாவது ஜப்பானிய முறையிலான அசைவூட்டத் தொடர், ஃபுஜி தொலைக்காட்சியில் புதன்கிழமை மாலை 7 மணிக்கு வந்தது. கோக்குவின் சிறுபிராயத்தைக் கூறும் முதற்பகுதி 153 எபிசோடுகளில் முடிய, அவன் வளர்ந்து மணமுடித்துப் பிள்ளை பெற்ற பிந்தைய கதையைக் கூறும் 'இசட்' 1989 ஏப்ரல் 26 அன்று தொடங்கி 1996 ஜனவரி 31 அன்று 291ஆம் எபிசோடோடு ஓய்ந்தது. கோக்கு என்னும் பெயரே இரவல்தான். சீனத் துறவி யுவான் சுவாங்கின் இந்தியப் பயணத்தைப் புராணமாக்கிய 'மேற்கு நோக்கிய பயணம்' என்னும் பழைய நாவலில் அவருக்குக் காவலாக வரும் சுன் வூகோங் என்ற குரங்கின் பெயரை ஜப்பானியர் உச்சரித்தால் சொன் கோக்கு ஆகிறது. உண்மையான யுவான் சுவாங் 7ஆம் நூற்றாண்டில் காஞ்சிபுரம் வரை வந்து சென்றவர் ஆகையால், கோக்குவின் குலமுறையை விடாப்பிடியாகத் தேடிக்கொண்டு போகிறவர் காஞ்சியில் வந்து நிற்கவும் கூடும்.

மற்றப் பாத்திரங்களின் குலமுறையைத் தேட அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, காய்கறிச் சந்தையே போதும். கோக்குவின் இனத்துக்குச் சையான் என்று பெயர். காய்கறியைக் குறிக்கும் 'யாசாய்' என்னும் ஜப்பானியச் சொல்லின் அசைகளை மாற்றிப்போட்டால் அது கிடைக்கும். அந்த இனத்தின் இளவரசன் வெஜிட்டா, ஆங்கிலத்து வெஜிடபிளின் முன்பாதி. கோக்குவின் பிறவிப் பெயராகிய காக்கரோட் என்பது காரட்டிலிருந்தும், அவனுடைய அண்ணன் ராடிட்ஸின் பெயர் முள்ளங்கியைக் குறிக்கும் ராடிஷிலிருந்தும், வெஜிட்டாவின் துணைவன் நாப்பாவின் பெயர் இலைக்காய்கறியைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லிலிருந்தும் வந்தவை. பிரபஞ்சத்தையே நடுங்கவைக்கும் ஃப்ரீஸாவின் பெயருக்குக் குளிர்பதனப் பெட்டியின் மேல்தட்டைத் தவிர வேறு பொருள் இல்லை. அவனுடைய சிறப்புப் படையினர் பால், தயிர், வெண்ணெய், பாலாடை ஆகியவற்றின் பெயர்களைத் திரித்து வைத்துக்கொண்டவர்கள். ஆகவே இத்தொடரின் மாபெரும் போர்களைப் பெயர்ச்சொல் அளவில் மட்டும் வாசித்தால், காய்கறிகளைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கும் முயற்சியும் அதற்குக் காய்கறிகள் காட்டும் எதிர்ப்பும் என்றே கொள்ளவேண்டியிருக்கும். இவ்வளவும் தெரிந்த பின்னும் வெஜிட்டா மடியும் எபிசோடில் ரசிகர்கள் கண்ணீர் விடுகிறார்கள் என்பது, ஒரு காய்கறிக்காக மனிதர் வெங்காயம் நறுக்காமலேயே அழுத அரிய தருணமாகும்.

இத்தொடரில் தமக்கு மிகவும் பிடித்த எபிசோடு எது என்று ரசிகர்களைக் கேட்டால், 291இலிருந்து அவர்கள் எடுத்து நீட்டுவன பெரும்பாலும் ஒருசிலவே. கோக்கு முதன்முறையாகச் சூப்பர் சையானாக மாறும் 95ஆம் எபிசோடு அவற்றுள் தலையாயது. அவன் மகன் கோஹான், செல் என்னும் செயற்கை அரக்கனுக்கு எதிரே தந்தையையும் விஞ்சி எழும் எபிசோடும், வெஜிட்டா தன்னையே வெடிக்கச்செய்துகொள்ளும் எபிசோடும் அடுத்தடுத்து வரும். இதுவரை வியப்பில்லை. ஆனால் கேள்வியை அத்தோடு நிறுத்தாமல் இன்னும் சற்றுநேரம் பேச்சுக் கொடுத்தால், ரசிகரின் குரல் தணிந்து, முகத்தில் ஒரு குறும்பு படர்ந்து, கோக்கு கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் எபிசோடைப் பற்றி அவர் பேசத் தொடங்குவார். பெருமையோடு சொல்லும் பட்டியல் ஒன்று, பிரியத்தோடு சொல்லும் பட்டியல் இன்னொன்று என இரண்டு அவரிடம் உண்டு. இவ்விரண்டையும் தந்தது இத்தொடரைப் பற்றி ரசிகர்கள் ஓயாமல் வைதுவந்த அந்த ஒரே குற்றம், அதாவது இழுவை, என்பதே இக்கட்டுரை எழுதியவரின் எண்ணம்.

இழுவை ஏன் நேர்ந்தது என்பதைக் காண ஒரு சிறு கூட்டல் கழித்தல் போதும். டோரியாமா வாரந்தோறும் பதினைந்து பக்க அளவில் ஓர் அத்தியாயம் வரைந்தார். சண்டைக்காட்சியில் ஒரு பக்கத்தைப் புரட்டச் சில விநாடிகளே ஆகும் என்பதால், அதை வாசித்து முடிக்க ஒரு குவளைத் தேநீர் ஆறும் நேரம்கூடத் தேவையில்லை. தொலைக்காட்சிக்காரர்களோ அதே ஒரு வாரத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் காட்டியாக வேண்டும். மங்காவை முந்திச்செல்லவும் முடியாது, ஏனெனில் அடுத்த வாரம் என்ன நடக்கும் என்பது வரைகிறவருக்கே தெரியாது. இது மிகைக்கூற்று அன்று. செயற்கை மனிதர்கள் வரும் பகுதியில் டோரியாமா முதலில் வரைந்த வில்லன்கள் இருவரையும் பார்த்த அவருடைய பழைய பதிப்பாசிரியர் கசுஹிகோ தோரிஷிமா, ஒரு கிழவனும் ஒரு குண்டனுமா என்று கேட்க, டோரியாமா வேறு இருவரைக் கொண்டுவந்தார். அவர்களைப் பார்த்து இவர்கள் சிறுபிள்ளைகள் அல்லவா என்று கேட்க, செல் என்னும் அரக்கன் பிறந்தான். அவன் தோற்றம் நன்றாயில்லை என்ற முணுமுணுப்பு அடுத்து எழ, அவன் உருமாறினான். மாறிய உருவம் அசட்டுக்களையாக இருக்கிறது என்றதும் இன்னொரு முறை உருமாறினான். கதைக்குள் செல் தன் முழுமையை அடைவதற்காக ஊர் ஊராக மனிதர்களை உறிஞ்சினான் என்று சொல்லப்பட்டாலும், பதிப்பாசிரியர்களின் முகச்சுளிப்பே அவனை முழுமைக்கு உந்தித்தள்ளியது என்பதே வரலாற்றுண்மை. மூலக்கதையே இவ்வாறு அன்றாடங்காய்ச்சியாக இருக்கும்போது, அதன் பின்னால் வருகிற அனிமே தன் வண்டியை மெல்ல ஓட்டுவதன்றி வேறு வழியில்லை.

மெல்ல ஓட்டுவதற்கென்று நுட்பங்கள் சில உருவாயின. சென்ற வாரக் கதையை மறுபடி சொல்லித் தொடங்குவது, அடுத்த வாரக் காட்சிகளைக் காட்டி முடிப்பது ஆகிய இரண்டும் எல்லாத் தொடருக்கும் பொது. இத்தொடருக்கே உரியது, ஓர் அடி விழுந்தால் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒவ்வொருவருடைய முகத்தையும் தனித்தனியே காட்டுவது. பந்தியில் விட்டுப்போகாமல் இலை இலையாகப் பரிமாறுவதுபோல, அதிர்ச்சி ஒவ்வொரு முகத்துக்கும் தவறாமல் பரிமாறப்படும். அடுத்தது பறத்தல். உறைந்த நிலையிலுள்ள ஓர் உருவத்தின் பின்னால் கோடுகளை விரையச் செய்தால் அவர் பறக்கிறார் என்று பொருள். அதற்குப் புதிதாக எதையும் வரையவேண்டியதில்லை என்பதால் பாத்திரங்கள் நெடுந்தூரம் பறந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலானது உறுமல். போர்வீரன் ஒருவன் தன் உள்வலிமையைத் திரட்டுவதற்காக முட்டியை மடக்கி நின்று அலறுவான். பாறைகள் மிதக்கும், மின்னல் வெட்டும், அலறல் தொடரும். கோக்கு மூன்றாம் நிலைச் சூப்பர் சையானாக மாறும் எபிசோடில் இவ்வலறல் சில நிமிடங்கள் நீள்கிறது. அவ்வளவு நேரமும் ஒலிவாங்கியின் முன்னால் நின்று அலறியவர், அப்போது அறுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்த மசாகோ நொசாவா என்னும் பெண்மணி.

இவற்றாலும் இட்டு நிரப்ப முடியாத இடத்தில் ஃபில்லர் என்பது நுழைகிறது. மூலக்கதையில் இல்லாததும், கதையின் போக்கை எவ்வகையிலும் மாற்றாததும், மங்கா நான்கு அடி முன்னே செல்லும்வரை நேரத்தைக் கடத்துவதற்காக எழுதப்படுவதுமான எபிசோடுக்கு ரசிகர்கள் இட்ட பெயர் அது. வரப்பில் போட்ட துவரையைப்போல, கிடைத்தால் இலாபம், இல்லாவிட்டால் நட்டமில்லை என்ற கணக்கில் அது விதைக்கப்படும். நாமெக் வெடித்த உடனே வந்த பத்து எபிசோடுகள் முழுக்க இத்தகையவை. கார்லிக் ஜூனியர் என்னும் வில்லன் அவற்றில் வந்து, வென்று, தோற்று, மறக்கப்படுகிறான். அவற்றைப் பற்றி ரசிகர்கள் சொல்வதை இங்கே எழுத இயலாது. இறந்துபோன கோக்கு மறுவுலகில் பாம்புப்பாதை என்னும் சாலையில் ஓடும் பகுதியிலும் இப்படிப்பட்ட இடைச்செருகல்கள் உண்டு. அப்பாதையின் நீளம் சுமார் 10 இலட்சம் கிலோமீட்டர், அதாவது பூமியிலிருந்து நிலவுக்குப் போய்த் திரும்பி, மறுபடியும் பாதிக்கு மேல் போகும் தூரம் ஆகையால், வழியில் ஏதேனும் நடந்துதான் தீரவேண்டும் என்று கதாசிரியர்கள் கருதியதைக் குற்றம் சொல்வதற்கில்லை.

இனி 95ஆம் எபிசோடை அருகில் சென்று காணலாம். அது ஒளிபரப்பான நாள் 1991 ஜூன் 19. சூப்பர் சையான் என்பவன் ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை தோன்றும் பழங்கதை வீரன் என்ற பேச்சு அதற்கு மிக முன்பே தொடங்கிவிட்டது. ஃப்ரீஸா அதை எண்ணி அஞ்சுகிறான், வெஜிட்டா அது தானே என்று நம்பி ஏமாந்து மாய்கிறான், பார்வையாளர்களோ வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்த வாரத்து எபிசோடின் தலைப்பே, கோக்கு கடைசியில் உருமாறிவிட்டான் என்று பறைசாற்றுகிறது. மர்மத்தைக் காப்பது என்ற வழக்கமே இத்தொடருக்குக் கிடையாது. யாம்சா என்னும் வீரன் சாகும் எபிசோடுக்கு, யாம்சா சாகிறான் என்றே தலைப்பு வைத்தவர்கள் அவர்கள். எனவே அந்தப் புதன்கிழமை தொலைக்காட்சி முன் அமர்ந்த எவருக்கும் என்ன நடக்கும் என்பதில் ஐயம் இருந்திருக்க நியாயமில்லை. எப்போது நடக்கும் என்பது மட்டுமே கேள்வி, அக்கேள்வியைக் கையாள்வதில்தான் இத்தொடருக்கு அதுவரை நல்ல பெயர் கிடையாது.

கோக்குவின் இளமைத் தோழன் கிரிலினை ஃப்ரீஸா ஒரு விரலசைவில் வானுக்கு உயர்த்துகிறான். கிரிலின் கோக்குவின் பெயரைச் சொல்லி அலறிக்கொண்டே வெடித்துச் சிதறுகிறான். இத்தொடரில் சாவு என்பது நெடுவிடுப்பைப் போன்றது. ஏழு டிராகன் பந்துகளைச் சேர்த்து மந்திர நாகத்தை வரவழைத்தால் விடுப்பை இரத்து செய்துவிடலாம். ஆனால் கிரிலின் முன்பே ஒருமுறை மாண்டு மீண்டவன், ஒருவரையே இரண்டு முறை மீட்பதற்குப் பூமியின் நாகத்துக்கு அதிகாரம் இல்லை. அந்த நிர்வாக விதியை எண்ணியே கோக்குவின் சினம் மூளுகிறது. மேகம் திரள்கிறது, கற்கள் தரையை விட்டு எழுகின்றன. கருமயிர் ஒரு கணம் பொன்னிறமாகி மீண்டும் கருமையாகிறது, மறுபடியும் பொன்னாகிறது, மின்தடைக்குப் பின் விட்டுவிட்டு எரியும் குழல்விளக்கைப்போல மினுக்கி, இறுதியில் பொன்னாகவே நிலைக்கிறது. கண்கள் பச்சையாகின்றன. எந்நேரமும் அசட்டுச் சிரிப்போடு திரியும் அந்த மனிதன் அப்போது சிரிப்பதில்லை. குற்றுயிராய்க் கிடக்கும் பிக்கோலோ என்னும் வீரனைத் தூக்கிக்கொண்டு இங்கிருந்து போய்விடு என்று மகன் கோஹானிடம் கூறுகிறான். சிறுவன் தயங்கவே, தன்னிடம் மிச்சமிருக்கும் நிதானமும் போய்விடுவதற்குள் புறப்படு என்று அதட்டுகிறான். தந்தையின் குரலில் இருக்கும் அந்நியத்தன்மையைக் கேட்டு மகன் திடுக்கிடும் இந்த இடம் தொடரின் மிகச் சிறந்த இடங்களுள் ஒன்று. தந்தைக்கும் மகனுக்கும் குரல் கொடுத்தவர் அதே மசாகோ நொசாவாதான் என்பதை, அதாவது 54 வயதுப் பெண்மணி ஒருவர் தம்மையே அதட்டித் தாமே திடுக்கிட்டார் என்பதை, அறிந்த பின்னும் அந்த இடத்தின் வலிமை குறையவில்லை.

பொன்முடிக்கும் ஒரு பொருளாதாரப் பின்னணி உண்டு. மங்காவில் கோக்குவின் தலைமுடி முழுவதையும் மையால் கருக்குவதற்கு டோரியாமாவின் உதவியாளருக்கு மிகுந்த நேரம் பிடித்ததாம். சூப்பர் சையானின் முடியை வெறும் வெள்ளையாக விட்டுவிட்டால் அந்த வேலை மிச்சம். ஆயிரம் ஆண்டுப் பழங்கதை நிறைவேறியதில் மை பூசும் வேலையைக் குறைக்கும் நோக்கமும் கலந்திருந்தது என்று டோரியாமாவே ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார். அவர் மிச்சம்பிடித்த நேரத்தை அனிமேக்காரர்கள் உறுமலில் செலவிட்டார்கள்.

காத்திருப்பு நீளநீள விருப்பமும் வளரும் என்று 95ஆம் எபிசோடு காட்டும் விதிக்கு மற்ற விருப்ப எபிசோடுகளும் சாட்சி சொல்கின்றன. 1993இல் வந்த கோஹானின் எழுச்சி அவ்வாறே வாரக்கணக்கில் ஒத்திவைக்கப்பட்டது. சிறுவன் சினம் கொண்டால் வெல்வான், ஆனால் அவனுக்குச் சினம் வரமாட்டேன் என்கிறது; செல் அவன் நண்பர்களை ஒவ்வொருவராக அடித்து நொறுக்குகிறான், அப்போதும் வரவில்லை. கடைசியில் அது வருவது, பறவைகளையும் காடுகளையும் நேசிக்கும் 16 என்னும் இயந்திர மனிதனின் துண்டிக்கப்பட்ட தலை சிறுவனிடம் இரண்டு சொல் பேசிய பின், அத்தலையைச் செல் காலால் மிதித்து நொறுக்கும்போதுதான். நடக்க இயலாத அந்தத் தலையைக் கோஹானின் அருகில் கொண்டுசேர்த்தவர், உலக வீரர் பட்டத்தைச் சுமந்து திரிபவரும், எதிரியைக் கண்டதும் வயிற்றுவலி வருபவரும், தொடரிலேயே வல்லமை ஏதுமற்றவருமான மிஸ்டர் சாத்தான். அவர் செய்ததெல்லாம் ஒரு தலையை எடுத்து வீசியது மட்டுமே, ஆயினும் அந்த வீச்சு இல்லாவிட்டால் பூமி இல்லை. பிற்பாடு வெற்றியைத் தம்முடையது என்று அவர் ஊரெங்கும் சொல்லிக்கொண்டதை ரசிகர்கள் கண்டிக்கிறார்கள். நியாயமாகப் பார்த்தால் அதில் ஒரு பங்கு அவருக்கு வரவேண்டியதே.

வெஜிட்டாவின் தியாகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாழ்நாளில் மகனைக் கட்டியணைத்தறியாத தந்தை ஒருமுறை அணைத்துவிட்டுச் சாகப்போகிறான் என்பதற்கு விளக்கவுரை எந்த மொழியிலும் தேவைப்படாது. பின்னால் அவன் மீண்டும் வந்துவிடுகிறான் என்பதைச் சொன்னால் அழுதவர்களுக்குக் கோபம் வரும்.

அமெரிக்காவுக்குப் போனபோது இத்தொடருக்கு நேர்ந்தவை தனி நூலுக்குரியவை. 1996இல் அங்கே ஒளிபரப்பானபோது முதல் 67 எபிசோடுகளைச் சிறுவர்களுக்கு ஒவ்வாதவை என்று வெட்டிச் சுருக்கி 53 ஆக்கினார்கள். சாவு என்ற சொல்லுக்குத் தடை விதிக்கப்பட்டதால், இறந்தவர் எல்லாரும் வேறொரு பரிமாணத்துக்குச் சென்றார்கள். நாப்பா வானூர்திகளைத் தகர்க்கும் காட்சியில், அவற்றிலிருந்தவர்களின் பாராசூட்டுகள் தெரிகின்றன, எல்லாரும் நலம் என்று ஒரு பாத்திரம் ஆறுதல் சொல்லும். திரையில் புகையைத் தவிர ஏதும் தெரியாது. நரகத்தில் காவல் காக்கும் பூதங்களின் பனியனில் ஆங்கிலத்தில் நரகம் என்று நான்கெழுத்தில் எழுதியிருந்தது. தணிக்கையாளர் அதன் நடு எழுத்துகள் இரண்டிலும் அடிக்கோட்டை மட்டும் அழித்து, அச்சொல்லை எச், எஃப், ஐ, எல் என்று ஆக்கி, அதற்கு 'முடிவற்ற தோல்வியாளர்களின் இல்லம்' என்று விரிவும் கற்பித்தார். இரண்டே கோட்டில் நரகத்தை முதியோர் இல்லமாக்கிய இந்தக் கைத்திறனைத் தணிக்கை வரலாற்றில் பொன்னெழுத்தால் பொறிக்கவேண்டும். இதே ஆங்கில வடிவத்தில்தான் ரசிகர்களின் தலைசிறந்த வசனமும் பிறந்தது. எதிரியின் வலிமையை எண்ணாகக் காட்டும் ஸ்கௌட்டர் என்னும் ஒற்றைக்கண் கருவியைப் பார்த்த வெஜிட்டா, கோக்குவின் வலிமை ஒன்பதாயிரத்துக்கும் மேல் என்று கத்திக் கருவியைக் கையால் நசுக்குகிறான். ஜப்பானிய மூலத்தில் அந்த எண் எட்டாயிரம். மொழிபெயர்க்கும்போது ஓர் ஆயிரத்தைக் கொசுறாகப் போட்டுவிட்டார்கள். உலகமெங்கும் சட்டைகளில் அச்சாகி வேடிக்கைப் பேச்சாக வழங்குவது அந்தக் கொசுறுதான். மூலத்து எட்டாயிரத்தைச் சொல்பவரை, கணக்குச் சரியாக இருந்தும், ரசிகர் கூட்டத்தில் ஒருவரும் மதிப்பதில்லை.

இனிப் பிரியத்துக்குரிய பட்டியலுக்கு வரவேண்டும். அதன் உச்சியில் இருப்பது 125ஆம் எபிசோடு. அதன் பின்னணி பின்வருமாறு. எதிர்காலத்திலிருந்து வந்த இளைஞன் ஒருவன், மூன்று ஆண்டுகளில் செயற்கை மனிதர்கள் தோன்றி எல்லாரையும் கொன்றுவிடுவார்கள் என்று எச்சரித்துவிட்டுப் போகிறான். பூமியின் தலையெழுத்தே தொங்கலில் இருக்கும் இந்த வேளையில் கோக்குவின் மனைவி, அவனை ஓட்டுநர் உரிமம் வாங்கச் சொல்கிறாள். (அவள் பெயர் சி-சி. சற்று நீட்டி எழுதினால் தமிழில் அருவருப்புச் சொல்லாகிவிடும். ஜப்பானியத்தில் பால் என்ற பொருளும் அதற்கு உண்டு, தந்தையின் பெயர் மாட்டரசன் என்பதால் பொருத்தம் பழுதற்றது.) கோக்கு பறக்கத் தெரிந்தவன். போதாக்குறைக்கு, நினைத்த இடத்தில் கண்ணிமைக்கும் நேரத்தில் தோன்றும் கலையையும் வேற்றுக்கோள் ஒன்றில் கற்றுக்கொண்டு அப்போதுதான் திரும்பியிருக்கிறான். இப்படிப்பட்டவனுக்குக் கிளட்ச்சும் கியரும் எதற்கு என்று கேட்பவர்கள் சி-சியின் பக்கத்தை எண்ணிப்பார்ப்பதில்லை. உலகத்தைப் பலமுறை காத்தவன் வீட்டுக்கு ஒரு காசு சம்பாதித்துத் தந்ததில்லை. சந்தைக்குப் போய் மூட்டை தூக்கி வர ஒரு வண்டியாவது ஓட்டட்டும் என்று அவள் நினைத்ததில் என்ன பிழை?

துணைக்கு பிக்கோலோவும் போகிறான். பச்சை நிறத்தவன், தலையில் இரு உணர்கொம்புகள் உடையவன், முன்னாளில் பூமியை அடிமைகொள்ளத் திட்டமிட்ட அசுர அரசனின் வாரிசு, எந்நேரமும் அருவிக்கரையில் கைகட்டித் தவம் இருப்பவன். அவன் தன் மேலங்கியையும் தலைப்பாகையையும் கழற்றி வைத்துவிட்டு, சட்டையும் தொப்பியும் அணிந்து, ஓட்டுநர் பள்ளியின் பயிற்சி வண்டியில், எரிமலையை விழுங்கியவன் போன்ற முகத்தோடு உட்கார்ந்திருக்கும் காட்சியை ஒருமுறை கண்டவர் மறப்பதில்லை. பயிற்சித் தளத்தில் ஒருவன் வண்டியை மற்றவன் முந்தப் பார்க்கிறான். முந்தப்பட்டவனுக்கு ரோஷம் வருகிறது. பயிற்றுநர்களின் உயிர் ஊசலாடுகிறது. ஃப்ரீஸாவை எதிர்த்து நின்றபோது இருவர் முகத்திலும் இருந்த அதே தீவிரம், சிறிதும் குறையாமல், இப்போது ஸ்டீயரிங்கின் மேல் கவிந்திருக்கிறது. பின்னர் ஆபத்தில் சிக்கும் பேருந்து ஒன்றைக் காப்பாற்றப் போக்குவரத்து விதிகள் அனைத்தையும் மறந்து இருவரும் பாய்கிறார்கள். கதைக்கு இதனால் விளைந்த பயன் ஒன்றுமில்லை. அடுத்த வாரத்திலிருந்து யாரும் இதைப் பற்றிப் பேசுவதுமில்லை.

ஒளிபரப்பான காலத்தில் இதை, செயற்கை மனிதர்கள் எப்போது வருவார்கள் என்ற பதைப்போடு பார்த்தவருக்கு எரிச்சல் வந்திருக்கக்கூடும். ஆனால் ஆண்டுகள் போகப்போக, அரக்கர்களின் பெயரும் அடிகளின் வரிசையும் ஒன்றோடொன்று குழம்பிவிட, கார் ஓட்டும் பிக்கோலோ மட்டும் நினைவில் பசுமையாக, உண்மையிலேயே பச்சையாக, நிற்கிறான். சண்டையின்போது மட்டும் காணப்படுகிறவர்களை வியக்கலாம், அவர்களோடு பழக முடியாது. சந்தை, சமையல், உரிமம் என்று அவர்கள் அல்லாடும்போதுதான் அண்டை வீட்டார் ஆகிறார்கள். எந்த அவசரமும் இல்லாத எபிசோடை எழுதுமாறு தொலைக்காட்சிக்காரர்களை மங்காவின் மெத்தனமே கட்டாயப்படுத்தியது.

இக்கருத்தைச் சோதித்துப் பார்க்க டோயி நிறுவனமே, தான் அறியாமல், ஒரு பரிசோதனை நடத்தியது. இசட் தொடங்கி 20 ஆண்டு நிறைவதையொட்டி 2009இல் 'டிராகன் பால் காய்' என்ற திருத்தப் பதிப்பு வெளிவந்தது. காய் என்றால் திருத்தம் என்று பொருள், காய்கறிக்கும் இதற்கும் தொடர்பில்லை. முறைப்பு, உறுமல், ஃபில்லர் ஆகிய களைகளைப் பிடுங்கி எறிந்து, மங்காவின் வேகத்துக்கே கதையைக் கொண்டுவந்ததில், செல்லின் சாவுவரை 194 எபிசோடுகளாக இருந்தது 98க்குள் அடங்கியது. சரிபாதி! ஃப்ரீஸாவின் ஐந்து நிமிடமும் இதில் கண்ணியமான அளவுக்குச் சுருங்கிவிட்டது. பல ஆண்டுகளாக இழுவையைப் பழித்துவந்த ரசிகர்கள் வரவேற்றார்கள், புதியவர்களுக்கு இதையே பரிந்துரைத்தார்கள். பரிந்துரைத்துவிட்டுத் தாங்கள் தனியே அமர்ந்து பழைய இசட்டைப் பார்த்தார்கள். காய் பதிப்பில் கோக்கு சூப்பர் சையான் ஆவது குறித்த நேரத்தில் வந்து சேரும் இரயிலைப்போல இருக்கிறது. குறைசொல்ல இடமில்லை, ஆனால் நடைமேடையில் காத்துக்கிடந்து, தண்டவாளத்தில் காதை வைத்துக் கேட்டு, கடைசியில் வளைவில் வெளிச்சம் தெரிந்ததும் கத்துகிற சுகம் அதில் இல்லை. ஓட்டுநர் பள்ளி எபிசோடு காயில் அறவே இடம்பெறவில்லை. அதைப் பார்த்து வளர்கிற தலைமுறைக்கு பிக்கோலோ தொப்பி போட்டதே தெரியாது.

காத்திருப்பைக் கூட்டமாகச் செய்வதில் இலத்தீன் அமெரிக்கர்களை எவரும் வெல்ல இயலாது. தொடரின் மறுபிறவியான 'டிராகன் பால் சூப்பர்' 2018 மார்ச்சில் முடிவை நெருங்கியபோது, மெக்சிகோவின் பல நகராட்சிகள் இறுதி எபிசோடுகளைப் பொதுச் சதுக்கங்களில் பெருந்திரையில் காட்ட முன்வந்தன. சியுதாத் ஹுவாரெஸ் நகரத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். இத்தகைய திரையிடலுக்குத் தான் அனுமதி தரவில்லை என்று டோயி அறிக்கை விட, ஜப்பானியத் தூதரகமும் கடிதம் எழுத நேர்ந்தது. காய்கறிகளின் சண்டையை முன்னிட்டு இரு நாடுகளுக்கிடையே அரசுமுறைக் கடிதம் சென்றது அதுவே முதல்முறையாக இருக்கவேண்டும். 2024 மார்ச் 1 அன்று டோரியாமா மறைந்த செய்தி வெளியானபோது, அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் நகரில் ஓபெலிஸ்க் நினைவுத்தூணைச் சுற்றிக் கூடிய ரசிகர்கள் இரு கைகளையும் வானுக்கு உயர்த்தி நின்றார்கள். உயிர்கள் அனைத்தும் தம் ஆற்றலில் சிறிதளவைக் கைதூக்கி வழங்க, அதைக் கோக்கு ஒரு பெரும் ஒளிக்கோளமாகத் திரட்டும் கெங்கிதாமா என்னும் உத்தியின் செய்கை அது. தொடரில் அக்கோளம் திரள்வதற்கு எபிசோடுக் கணக்கில் நேரம் பிடிக்கும் என்பதை அறிந்தவர்கள்தாம் அவர்கள். கை வலிக்கும் என்று தெரிந்தே தூக்கியிருக்கிறார்கள்.

சூப்பர் தொடரிலும் ரசிகர்கள் பிரியத்தோடு நினைவுகூர்வது பிரபஞ்சங்களுக்கிடையிலான மாபெரும் போட்டியை மட்டும் அன்று. 70ஆம் எபிசோடில் இரு பிரபஞ்சங்களின் அணிகள் பேஸ்பால் ஆடுகின்றன. இசட்டின் தொடக்கத்திலேயே தலைப்பில் அறிவிக்கப்பட்டு மாண்ட யாம்சா, குழிக்குள் ஒருக்களித்துச் சுருண்டு கிடந்த கோலம் ரசிகர்களிடையே கால் நூற்றாண்டுக் கேலிப்பொருளாக, பொம்மையாகக்கூட விற்கப்பட்டது. பேஸ்பால் களத்தில், ஓட்டத்தை முடித்து இல்லத்தளத்தின் மேல் அவன் விழுந்து கிடப்பதும் அச்சு அசலாக அதே கோலத்தில். இம்முறை அந்த விழுகை வெற்றி ஓட்டமாகிறது.

அதே சூப்பரின் முதல் எபிசோடு 2015 ஜூலையில் வந்தது. இசட் முடிந்து ஏறக்குறைய 20 ஆண்டுகள் கழித்துக் கோக்குவை மறுபடி காணப்போகிறோம் என்று உட்கார்ந்த ரசிகர்களுக்கு, திரையில் தெரிந்தது ஒரு வயல். மனைவியின் கட்டளைப்படி வீட்டுக்குச் சம்பாதிப்பதற்காகக் கோக்கு விவசாயம் செய்கிறான், டிராக்டர் ஓட்டிக்கொண்டிருக்கிறான். அதற்கு உரிமம் வைத்திருக்கிறானா என்று யாரும் கேட்கவில்லை. பயிரோ முள்ளங்கி. அவன் அண்ணன் ராடிட்ஸின் பெயரைத் தந்த அதே காய். இசட்டின் தொடக்கத்தில் அந்த அண்ணனைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துக்கொண்டு, பிக்கோலோவின் ஒரே கதிரில் அவனோடு சேர்ந்து தானும் மாண்டவன் கோக்கு. இப்போது அவன் வரப்போரம் வண்டியை நிறுத்திவிட்டு, வரிசை வரிசையாக மண்ணிலிருந்து தலை நீட்டிக்கொண்டிருக்கும் அந்த முள்ளங்கிகளுக்கு நடுவே தூங்கிவழிகிறான்.